டேப் மரம்: பாட்டைத் தபாலில் அனுப்பிய இணைய ரசிகர்கள்

கேள்வி: எம்பி3 வருவதற்கு முன்பே அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் இணையம் வழியாகக் கச்சேரிப் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டார்கள் என்கிறார்களே, அன்றைய வேகத்தில் அது எப்படி முடிந்தது? 'டேப் மரம்' என்பது என்ன? டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) போடாதே, இரட்டை வேகத்தில் பிரதி எடுக்காதே என்று அவ்வளவு கறாராக இருந்தது ஏன்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1980-களின் நடுவில் வீட்டுத் தொலைபேசியில் மாட்டும் மோடம் நொடிக்கு 1200 பிட், அதாவது ஏறத்தாழ 120 எழுத்து அனுப்பும். 90 நிமிட இசையை சிடி தரத்தில் எண்களாக மாற்றினால் 95 கோடி பைட்டுக்கு மேல் வரும். இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால் அதை அனுப்பி முடிக்க 92 நாள். அதே 90 நிமிடம் ஒரு கேசட்டில் ஏறி உறைக்குள் புகுந்தால் சில நாளில் நாட்டின் மறுகோடிக்குப் போய்விடும். ஆகவே கம்பி வழியாகப் போனது தகவல்தான்: எந்தக் கச்சேரி யாரிடம் இருக்கிறது, அது எத்தனையாவது பிரதி, எந்த முகவரிக்கு எழுத வேண்டும். பாட்டு தபால்காரரின் பையில் போனது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கெடும். எது கெடும், எவ்வளவு கெடும் என்று தெரிந்தவர்கள் வகுத்ததுதான் அந்த விதிகள் முழுவதும்.

1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்தக் குழு ஒவ்வொரு இரவும் வேறு பாட்டுகளை வேறு வரிசையில் வாசிக்கும். ஒரே பாட்டு ஒரு நாள் 8 நிமிடம், இன்னொரு நாள் 20 நிமிடம் போகும். அதனால் ஒரு பதிவு வைத்திருப்பவருக்கு அடுத்ததும் வேண்டும். ரசிகர்கள் மைக் கொண்டுவந்து பதிவு செய்வதைக் குழு பொறுத்துக்கொண்டது. 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரிகளிலிருந்து அவர்களுக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியது. பெருந்தன்மையோடு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அரங்கின் நடுவே முளைத்த மைக் கம்பங்கள், ஒலியைக் கலக்கும் கருவியான மிக்ஸரில் இருப்பவருக்கும் பின்வரிசைக்காரர்களுக்கும் மேடையை மறைத்தன. எல்லாரையும் மிக்ஸருக்குப் பின்னால் அனுப்பியதும் சண்டை ஓய்ந்தது. பதிவை விற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இணையத்தில் அவர்கள் கூடிய இடங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1985-இல் தொடங்கிய 'தி வெல்': மோடம் வழியாக நுழைந்து எழுதும் உரையாடல் அரங்கு. மாதம் 8 டாலர், அதற்கு மேல் மணிக்கு 2 டாலர், வெளியூர்க்காரர்களுக்குத் தொலைபேசிக் கட்டணம் தனி. 1986-இல் டெட் ரசிகர்களுக்கான பகுதி திறந்த பிறகு அவர்கள் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்ததே அந்த அமைப்பின் வருமானத்தில் பெரிய பங்காக இருந்தது. இன்னொன்று யூஸ்நெட், கணினிக்குக் கணினி செய்தி பரவும் விவாதக் குழுக்களின் வலை. பல்கலைக்கழகத்திலோ கணினி நிறுவனத்திலோ கணக்கு இருந்தால் காசில்லாமல் எழுதலாம். டேப் மரம் நன்றாக வளர்ந்தது இந்த இரண்டாவது மண்ணில்தான்.

மரத்துக்கு வருவோம். ஒருவரிடம் நல்ல பதிவு ஒன்று இருக்கிறது. 84 பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரே எடுத்துக் கொடுத்தால் ஒரு கச்சேரிக்கு 3 மணி நேரம் வீதம் 252 மணி நேரம் ஆகும். ஒருவர் எடுத்து அடுத்தவருக்கு, அவர் எடுத்து அதற்கடுத்தவருக்கு என்று சங்கிலியாக விட்டால் கடைசி ஆளுக்குக் கிடைப்பது வெறும் உஸ்ஸென்ற சத்தம். மரம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. விதை வைத்திருப்பவர் 4 கிளைகளுக்கு அனுப்புவார். ஒவ்வொரு கிளையும் 4 பேருக்கு, அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் 4 பேருக்கு: 4, 16, 64, ஆக 84. யாரும் 4 பிரதிக்கு மேல் எடுப்பதில்லை. கடைசி இலைக்குக்கூட விதையிலிருந்து மூன்றே தலைமுறை.

இரைச்சல் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். ஒவ்வொரு பிரதியும் தன் பங்குக்கு ஒரே அளவு நாடா இரைச்சலைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், இரைச்சலின் ஆற்றல் கூடிக்கொண்டே போகும்: இரண்டு பங்கானால் 3 டெசிபெல், நான்கு பங்கானால் 6 டெசிபெல். விதையே ஒரு கேசட் என்றால் மூன்றாம் தலைமுறை இலையில் இருப்பது 4 பங்கு, அதாவது விதையைவிட 6 டெசிபெல் அதிகம். அதே 84 பேரைச் சங்கிலியாக நிறுத்தினால் கடைசி ஆளிடம் 19 டெசிபெல்லுக்கு மேல். ஆளுக்கு 2 பிரதி மட்டும் என்று மரத்தை ஒல்லியாக வளர்த்தால் 84 பேரை எட்ட 6 படி வேண்டும். இரைச்சல் எட்டரை டெசிபெல், தபாலில் கழியும் காலமும் இரட்டிப்பு. எனவே அகலமான மரமே நல்ல மரம். ஆனால் அகலத்துக்கு விலை உண்டு: 2 கேசட் கொண்ட ஒரு கச்சேரியை 4 பேருக்கு எடுக்க, 90 நிமிடம் வீதம் 8 முறை, மொத்தம் 12 மணி நேரம். அதிலும் 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு மூன்று டெக்குகளை (கேசட் பதியும் கருவிகளை) ஒரே நேரத்தில் ஓட்டக்கூடியவர்களையே மரத்தை நடத்தும் நிர்வாகிகள் முதல் படியில் நிறுத்தினார்கள்.

மரம் பெரும்பாலும் பட்டுப்போவது ஒலிக் கோளாறால் அல்ல, சோம்பலால். முதல் படியில் ஒருவர் கேசட்டை வாங்கி மேசையில் போட்டுவிட்டு மறந்தால், அவருக்குக் கீழே உள்ள 20 பேருக்கும் ஒன்றும் வராது. இதற்கு இரண்டு தற்காப்பு. கேசட் கைக்கு வந்ததும், பிரதி அனுப்பியதும், இரண்டு முறையும் நிர்வாகிக்கு ஒரு வரி எழுத வேண்டும். கெடு தாண்டினால் அந்தக் கிளையின் ஆட்களை வேறு கிளைக்கு மாற்றிவிடலாம். இரண்டாவது, பெயர் கொடுக்கும்போதே "கிளையா, இலையா" என்று கேட்டுவிடுவது. ஒரே டெக் வைத்திருப்பவர் தன்னை இலை என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. நேரம் இல்லாதவர் கிளை என்று பெயர் கொடுப்பதுதான் பாவம்.

பிரதி எடுக்கும் முறையிலேயே விதிகளின் உயிர் இருக்கிறது. கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், இரு பக்கத்துக்கும் ஸ்டீரியோ என்பதால் அதற்குள் நான்கு தடம், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய, மெதுவான நாடாவில் சின்னப் பிழையும் காதில் விழும். காலி கேசட்டாக எல்லாரும் கேட்டது குரோம் வகை (டைப் 2) சி-90: மேக்ஸெல் எக்ஸ்எல்-2, டிடிகே எஸ்ஏ. சி-120 கூடாது. ஒரு பக்கத்துக்கு 60 நிமிடம் கிடைக்கும் என்று ஆசையாகத்தான் இருக்கும். அதே கூட்டுக்குள் அவ்வளவு நீளத்தை அடைக்க நாடாவை மெல்லியதாக்கியிருப்பார்கள். அது நீளும், சுருளும், டெக்கின் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

வேலை தொடங்குமுன் நாடாவில் பதியும், அதைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சு பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை துடைக்கலாம். காலி கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் உள்ளே இறுகியிருக்கும் சுற்று தளரும். தொடக்கத்தில் ஐந்தாறு நொடிக்குக் காந்தப் பூச்சே இல்லாத முன்நாடா வரும். அதைக் கையால் சுற்றித் தாண்டாமல் பதிவை ஆரம்பித்தால் பாட்டின் தலை வெட்டுப்படும். பதிவின் ஒலி அளவைக் காட்டும் முள்ளைக் கச்சேரியின் மிக உரத்த இடத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும், முதல் பாட்டை வைத்து அல்ல. முதல் பாட்டில் ஒலிக்காரரே இன்னும் தடுமாறிக்கொண்டிருப்பார். உச்சம் 0-வுக்கும் +3-க்கும் இடையில் நிற்கட்டும். குறைத்தால் உஸ் சத்தம் மேலே வரும், கூட்டினால் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசை நசுங்கும். ஒருமுறை வைத்த பிறகு கச்சேரி முடியும்வரை அதைத் தொடக் கூடாது.

இரட்டை வேகப் பிரதிக்குத் தடை ஏன்? இரண்டு பொந்து உள்ள வீட்டு டெக்குகளில் அந்தப் பொத்தானை அழுத்தினால் நேரம் பாதியாகும். ஆனால் 15,000 ஹெர்ட்ஸ் ஓசை ஹெட்டின் வழியாக 30,000-ஆகப் போயாக வேண்டும். மலிவான ஹெட்டும் மின்சுற்றும் அதைத் தாங்காது. மேல்சுருதி மழுங்கும். ஒரு தலைமுறையில் தெரியாது. மூன்றாவதில் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வரும்.

டால்பி விதி இதைவிட நுட்பமானது. என் கணிப்பில் மொத்தத் தொகுப்பிலேயே மிகச் சரியான விதி அதுதான். டால்பி பி, பதியும்போது மெல்லிய மேல்சுருதி ஓசைகளை 10 டெசிபெல் வரை தூக்கும். கேட்கும்போது அதே அளவு இறக்கும். அப்படி இறக்கும்போது நாடா இரைச்சலும் சேர்ந்து இறங்கும். எவ்வளவு தூக்குவது, எவ்வளவு இறக்குவது என்பதை அந்த நேரத்து ஒலி அளவைப் பார்த்தே அது முடிவு செய்கிறது. ஒரு டெக்கில் பதிந்ததை இன்னொரு டெக்கில் ஓட்டும்போது அளவு இரண்டு மூன்று டெசிபெல் குறைந்தாலே இறக்கும் கணக்கு தப்பிவிடும்: "ஓசை மெல்லியதாக இருக்கிறது" என்று நினைத்துத் தேவைக்கு மேல் இறக்கும். மேல்சுருதி போய்விடும். ஐந்து வீட்டில் ஐந்து டெக், ஐந்து விதமான அளவு என்றால் பிழை மேல் பிழை ஏறும். டால்பி இல்லாமல் எடுத்தால் உஸ் சத்தம் கூடுதலாக இருக்கும், உண்மைதான். இரைச்சலைக் காது பழகிக்கொள்ளும். போன மேல்சுருதியைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கைக்கு வந்த கேசட் டால்பியில் பதிந்தது என்று உறையில் எழுதியிருந்தால், ஓட்டும் டெக்கில் டால்பியைப் போட்டு, பதியும் டெக்கில் அணைத்துவிட வேண்டும். அங்கேயே அந்தப் பிழை நின்றுவிடும்.

அடுத்தது அசிமத், அதாவது ஹெட்டின் இடைவெளி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கிறதா என்பது. பதிந்த டெக்கில் கொஞ்சம் சாய்ந்திருந்து, ஓட்டும் டெக்கில் நேராக இருந்தால் மேல்சுருதி மங்கும், இடமும் வலமும் பொருந்தாது. சோதிக்க எளிய வழி: இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டீரியோவில் இருந்த சிம்பல் ஓசை மோனோவில் காணாமல் போனால் அசிமத் தப்பு. ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறிய திருகை, காந்தமேறாத திருப்புளியால், மோனோவில் கேட்டபடியே நூலளவு திருப்ப வேண்டும். மேல்சுருதி மிகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தலாம். ஆனால் திருப்புமுன் பழைய நிலையை மையால் குறித்துவையுங்கள். மறந்தால் அன்றுவரை நீங்கள் பதிந்து வைத்திருக்கும் அத்தனை கேசட்டும் அந்த டெக்கில் மங்கும். ஆட்டோ ரிவர்ஸ் டெக்கில் பதிய வேண்டாம் என்று சொன்னதற்கும் இதே காரணம்: திரும்பி ஓடும் திசையில் ஹெட்டின் சாய்வு வேறாகிவிடும். நல்ல டெக்கில் இது பெரிதாகத் தெரியாது. அந்த விதி மட்டும் கொஞ்சம் மிகை என்பேன்.

வேகப் பிழையை எளிதில் கோட்டைவிட்டுவிடுவார்கள். ஒரு டெக் 1 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஏறும். 90 நிமிடக் கச்சேரி ஒரு நிமிடம் சுருங்கும். தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கிட்டாரை எடுத்துக்கொண்டு கூட வாசித்துப் பார்த்தால்தான் எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் தொங்குவது தெரியும். பதிந்த டெக்கிலேயே ஓட்டினால் பிழை தானாக அடிபடும், அதனால் பதிந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

உறைக்குள் வைக்கும் அட்டை ஒலியைப் போலவே முக்கியம். குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும்: தேதி, அரங்கம், ஊர், பாட்டு வரிசை, மூலம் (மிக்ஸரிலிருந்து எடுத்ததா, கூட்டத்தில் மைக் வைத்து எடுத்ததா), எத்தனை தலைமுறை, டால்பி உண்டா இல்லையா. தேதியில் நம்மூர்க்காரர் தடுக்கி விழுவார்: 5/8/77 என்பது அவர்களுக்கு மே 8. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி அது. இந்த ரசிகர்கள் நடுவே மிக அதிகமாகச் சுற்றிய கேசட்டுகளில் ஒன்று. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேண்டர்-ஜாக்சன் மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-ஆம் ஆண்டுத் தொகுப்பில் சேர்ந்தது. அதன் அட்டையில் 'ஸ்கார்லெட் பெகோனியாஸ் > ஃபயர் ஆன் த மவுண்டன்' என்று எழுதுவார்கள். நடுவில் உள்ள > குறி, ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததில் கலக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்தக் குறி உள்ள இடத்தில் கேசட்டைத் திருப்பினால் வெட்டு விழும். பாட்டு நேரத்தைக் கூட்டிப் பார்த்து, கைத்தட்டல் வரும் இடத்தில் முன்கூட்டியே திருப்புவதுதான் கைத்திறன். வெவ்வேறு கம்பெனி சி-90-களின் உண்மையான நீளம் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. மூலத்தைவிடச் சின்ன நாடாவில் எடுத்தால் வெட்டு புதிய இடத்தில் விழும். ஒரே பக்கத்தில் இரண்டு வெட்டு கேட்டால், "முதல் தலைமுறை" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

மிக்ஸர் பதிவு என்றாலே உசத்தி என்று புதியவர்கள் நினைப்பார்கள். மிக்ஸரில் வருவது அரங்க ஒலிபெருக்கிக்காகக் கலந்தது. சிறிய அரங்கில் கிட்டாரும் டிரம்ஸும் மேடையிலிருந்தே போதுமான அளவு கேட்கும், அதனால் அவற்றை மிக்ஸரில் குறைத்து வைப்பார்கள். பதிவில் குரல் மட்டும் முன்னால் நின்று மற்றவை பின்னால் போய்விடும். சரியான இடத்தில் வைத்த ஒரு ஜோடி நல்ல மைக், அப்படிப்பட்ட மிக்ஸர் பதிவைச் சாதாரணமாகத் தோற்கடிக்கும்.

கையில் ஒரு கேசட்டும் இல்லாத புதியவருக்கு வழி என்ன? காலி கேசட்டும் திருப்பி அனுப்பும் தபால் செலவும் அவருடையது, உழைப்பு கொடுப்பவருடையது. ஒரு கச்சேரிக்கு 2 காலி கேசட், முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னொரு மெத்தை உறை, இரண்டையும் ஒரே உறையில் அனுப்ப வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிடுவது வழக்கம். வழியில் உடைந்து சில்லுகள் நாடாவுக்குள் போகும், எடையும் கூடும். பதிந்த பிறகு கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் யாரும் தவறி மேலே பதிய முடியாது. மேலதிகமாக ஒரு கேசட் வைத்து "உங்களுக்கு" என்று எழுதுவது பணிவு. காசு வைப்பது தப்பு. வாங்குவது அதைவிடத் தப்பு.

1987-இல் டிஜிட்டல் ஆடியோ டேப் வந்ததும் தலைமுறைக் கணக்கு உடைந்தது. எண்ணை எண்ணாகவே நகலெடுத்தால் பத்தாவது பிரதியும் முதலாவதும் ஒன்றுதான். சங்கிலி, மரத்துக்கு ஈடாகிவிட்டது. மூலம் ஒன்றையே கைக்குக் கை சுற்றவிட்டு, ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்பும் 'கொடி' முறை அதனால்தான் சாத்தியமானது. பதிலுக்குப் புதிய கோளாறுகள் வந்தன. அந்த டேப்பில் பெரும்பாலும் நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), சிடியில் 44,100. முறையாக மாற்றாமல், எண்களை அப்படியே 44,100 என்று பெயரிட்டு எழுதினால் பாட்டு ஒன்றரை அரைச்சுரம் இறங்கி, பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருக்கும். சிடி எழுதும்போது 'டிராக் அட் ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே 2 நொடி மௌனம் புகும். > குறி உள்ள இடத்தில் அது கொலை. 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்றே எழுத வேண்டும். சிடி ஒரு நொடியை 75 துண்டாகப் பிரிக்கிறது; கோப்பை அந்தத் துண்டின் எல்லையில் வெட்டாவிட்டால் மீதி இடத்தைச் சுழியத்தால் நிரப்பும், 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்.

கோப்புகள் உண்மையிலேயே கம்பி வழியாகப் போகத் தொடங்கியது 1998-இல் ஈ-ட்ரீ என்ற ரசிகர் வலையமைப்பு உருவான பிறகு. பெயரில் மரம் இருந்தது, தபால் இல்லை. ஷார்ட்டன் என்ற சுருக்கு முறையில் ஒலி சற்றும் இழக்காமல் கோப்பு ஏறத்தாழ பாதியாகும். அப்படியும் 90 நிமிடத்துக்கு 50 கோடி பைட். நொடிக்கு 5,000 பைட் தரும் வீட்டு மோடத்தில் ஒரு நாளுக்கு மேல். ஆகவே முதல் கிளைகள் பல்கலைக்கழக விடுதிகளில் அதிவேக இணைப்பு இருந்த மாணவர்கள்தான். ஒவ்வொரு தொகுப்போடும் எம்டி5 கோப்பு போகும்: ஒலிக் கோப்பின் கைரேகை போன்ற 32 எழுத்து. இறக்கிய கோப்பில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எழுத்து வரிசை வேறாக வரும், மறுபடி இறக்கலாம். கேசட் காலத்தில் "நம்புங்கள், இரண்டாம் தலைமுறை" என்று சொல்வதைத் தவிர வழியில்லாத இடத்தில் இப்போது ஒரு சோதனை இருந்தது.

ஒலியில் ஒரு பகுதியை இழந்து சுருக்கும் எம்பி3-க்குத் தடை போட்டதும் அந்தப் பழைய பயத்தால்தான். எம்பி3-ஐ சிடியாக எழுதி, அதை இன்னொருவர் திரும்ப எடுத்து ஷார்ட்டனாக்கி விட்டால், பெயர் முழுத்தரம், உள்ளே பாதி. எம்டி5-ஆல் இதைப் பிடிக்க முடியாது. அது நகலின் உண்மையைத்தான் சொல்லும், மூலத்தின் உண்மையை அல்ல. அலைவரிசைப் படத்தைப் பார்க்க வேண்டும்: 128 கிலோபிட் எம்பி3 பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். நல்ல மைக் பதிவில் அந்த விளிம்பு படிப்படியாகத் தேயும்.

2002-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஈ-ட்ரீ ஆட்களோடு சேர்ந்து நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்கென்று ஒரு காப்பகம் திறந்தது. டெட் பதிவுகள் ஆயிரக்கணக்கில் அங்கே சேர்ந்தன. 2005 நவம்பர் இறுதியில் குழுவின் தரப்பிலிருந்து வந்த கோரிக்கையால் அவற்றை இறக்கிக்கொள்ள முடியாமல் போனது. ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாளில் சமரசம் வந்தது. கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தவற்றை இறக்கிக்கொள்ளலாம். மிக்ஸரிலிருந்து எடுத்தவற்றை அங்கேயே கேட்கலாம், எடுத்துப்போக முடியாது.